பதினேழு வீடும் ஒரு சுற்றுலா மாளிகையும்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்களில் மாடிப்படி ஏறக்கூடியவர் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ட்ரோனைப் பறக்கவிட்டு, ஒரு முற்பகலுக்குள் ஊரையே அளந்து திரையில் காட்டினார்கள். ஒவ்வொரு வீட்டின் ஓடும், கிணற்றின் வாயும், வரப்பின் வளைவும் தெரிந்தன. நான் சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்க காலத்துல அளவு தப்பாப் போனா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

மறுபடி அளப்போம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது முழுப் பதில் இல்லை. முழுப் பதிலில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அன்று நேரம் போதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பில் சேர்ந்த இரண்டு பெண்களில் நான் ஒருத்தி. முடித்ததும் தஞ்சாவூரில் நகரமைப்பு அலுவலகத்தில் டிரேசராகத் தற்காலிக வேலை கிடைத்தது. பிறர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெழுகுத்துணியை விரித்து, கறுப்பு மையால் அப்படியே இழுக்க வேண்டும். அதுதான் டிரேசர் வேலை. ஆட்சி மாறி, அலுவலகப் பலகைகளை எல்லாம் தமிழில் எழுதிக்கொண்டிருந்த காலம். கீழ்ப்பக்கத்து ஊர்களில் கூலித் தகராறு முற்றி, அறுவடைக்குப் போலீஸ் காவல் நின்ற காலமும் அதுதான். அலுவலகத்தில் இரண்டையும் பற்றிப் பேச்சு ஓடும். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் சென்னையிலிருந்து அந்த உத்தரவு வந்தது. குடவாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு கோயில் ஊர்; பெயர் வேண்டாம். காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் இருக்கிறது. வருஷம் முழுக்கப் பரிகாரத்துக்கு ஜனங்கள் வருகிற ஊர். அங்கே ஒரு சுற்றுலா மாளிகை கட்ட வேண்டும். நாற்பது அறை, உணவு விடுதி, நீச்சல் குளம், ஆற்றில் படகுத்துறை. கூடவே மாதிரி வரைபடம் ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். மலைவாசஸ்தலம் ஒன்றுக்குப் போட்ட படம் அது. அறைக்கு அறை கணப்பு அடுப்பு இருந்தது.

என் மேலதிகாரி ராஜமாணிக்கம் சார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கேள்வி கேட்பார். பதில் சொன்னால் "சரி, அப்புறம்?" என்பார். அதற்கும் பதில் சொன்னால் இன்னொரு "அப்புறம்?" மூன்றாவதில் எல்லாருக்கும் சரக்கு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு, "போய்ப் பார்த்துட்டு வருவோமா?" என்பார். களத்தில் இறங்கினால் செருப்பைக் கழற்றிவிடுவார். வெறுங்காலில் நடந்தால்தான் எது மேடு, எது பள்ளம் என்று தெரியுமாம்.

"இந்த ஊருக்கு வர்றவங்க யாரு, எங்க தங்குறாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அதனால் முதல் வேலை யாத்திரிகர் கணக்கெடுப்பு. வருகிறவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருப்பார்கள், ஒரு பெண்ணும் வேண்டும் என்று என்னைச் சேர்த்தார். டிரேசரை வெளியே அனுப்புகிற வழக்கம் கிடையாது. எனக்கோ ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது.

கேள்வித்தாள் அச்சாகி வந்தது. எவ்வளவு நாள் தங்குவீர்கள், நீச்சல் குளம் தேவையா, படகுச் சவாரி தேவையா, மேல்நாட்டு உணவு தேவையா. பஸ் நிறுத்தத்திலும் குளத்தங்கரையிலும் நின்று ஒரு வாரம் கேட்டேன். மூன்றாம் நாள், திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாளிடம் நீச்சல் குளம் வேண்டுமா என்று கேட்டேன். குளத்திலிருந்து அப்போதுதான் கரையேறியிருந்தார்.

"குளத்துலதானே முங்கிட்டு நிக்கிறேன், தெரியலையா? ஈரச் சேலை ஒடம்போட ஒட்டுது. மாத்துறதுக்கு ஒரு மறைவு இருக்கா, அதச் சொல்லும்மா மொதல்ல."

சுற்றிப் பார்த்தேன். இரண்டு பெண்கள் ஒரு புடவையைத் திரைபோல் விரித்துப் பிடித்திருக்க, உள்ளே ஒரு பெண் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அதே இடத்தில் நிற்கிறேன். கண்ணில் பட்டிருக்கிறது, ஆனால் கேள்வித்தாளில் இல்லாததால் மனதில் ஏறவில்லை. அன்றே ஸ்கேல் வைத்து, தாளின் ஓரத்தில் கையால் ஒரு பத்தி கூடுதலாக இழுத்து, "வேறு என்ன தேவை?" என்று எழுதினேன். வார முடிவில் அந்தப் பத்திதான் நிரம்பி வழிந்தது. உடை மாற்ற மறைவு. கக்கூஸ். கொண்டுவந்த அரிசியைப் பொங்க ஓர் இடம். மாட்டு வண்டியும் பஸ்ஸும் நிற்கத் திடல். படகு கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

ராஜமாணிக்கம் சார் தாள்களைப் புரட்டினார். "இந்தப் பத்தி யாரு போட்டது?"

"நான்தான் சார்." கேள்வி வரிசையாக வரும் என்று நினைத்தேன்.

"சரி. நாளையிலேர்ந்து சைட்டுக்கும் நீங்க வாங்கம்மா" என்றார்.

சைட் என்பது ஆற்றங்கரையில் இருந்த ஒரு மேடு. வெள்ளக் காலத்திலும் மூழ்காத இடம். ஊர்ப் பதிவேட்டில் களம் புறம்போக்கு என்று இருந்தது. அதாவது சர்க்கார் நிலம், ஜனங்கள் நெல் அடிப்பதற்கு விடப்பட்டது. மேட்டுக்கு வடக்கே இருந்த நஞ்சை முழுவதும் ஊர்ப் பண்ணையாருடையது. இந்த இடத்தைச் சொன்னதே அவர்தான். ரோடு போட நிலம் தருகிறேன் என்று மனுவும் கொடுத்திருந்தார். நாங்கள் போன அன்று வீட்டுக்கு அழைத்து, பித்தளை டபராவில் காப்பி கொடுத்தார். மரியாதையான மனிதர்.

"ஊருக்கு ஒரு நல்லது நடக்கட்டுங்க. அந்த மேட்டுல கொஞ்சம் குடிசைங்க இருக்கும். எல்லாம் புறம்போக்குல போட்டது. உங்களுக்கு ஒரு சிரமமும் இருக்காது" என்றார்.

பதினேழு குடிசைகள் இருந்தன. மேட்டின் வடமேற்கு மூலையில் இரண்டு வரிசை. எல்லாரும் விவசாயத் தொழிலாளர்கள். சிலர் துண்டு துண்டாகக் குத்தகைக்கும் பயிர் வைத்திருந்தார்கள். மூங்கில் கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடி. நாங்கள் அளவுச் சங்கிலியை விரித்ததும் ஒரு பெண் முன்னால் வந்து நின்றார். அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்க்கிறவர். அந்தத் தெருவுக்கே அவர் பேச்சுதான்.

"என்னத்த அளக்குறீங்க?"

சங்கிலி பிடிக்கும் செயின்மேன் கோவிந்தசாமி, "கவர்மெண்டு வேல, தள்ளிப் போம்மா" என்றார்.

"தள்ளிப் போறதுக்குத்தானே அளக்குறீங்க? இதுவரைக்கும் அளக்க வந்தவுக யாரும் எங்களுக்குக் குடுக்கிறதுக்காக அளந்ததில்ல."

ராஜமாணிக்கம் சார் மட்டும் நின்று பதில் சொன்னார். "சுற்றுலா மாளிகை கட்டப் போறதா உத்தரவு. எங்க என்ன இருக்குன்னு படம் போட வந்திருக்கோம். உங்க வீட்டையும் படத்துல போடுவோம்."

"போட்டா?"

"போட்டா இருக்குன்னு ஆகும். போடலைன்னா இல்லைன்னு ஆயிடும்."

அஞ்சலை வழிவிட்டார்.

இரண்டு நாள் அளந்தோம். புறம்போக்குக்கும் பண்ணையார் நிலத்துக்கும் நடுவே எல்லைக் கோடு. அதற்குக் கிழக்கே ஒரு சர்வே கல், மேற்கே ஒரு கல். இரண்டுக்கும் இடையே நேர்கோடு இழுத்தால் பதினேழு வீடுகளும் கோட்டுக்குத் தெற்கே, சர்க்கார் நிலத்தில் விழுந்தன. பண்ணையார் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

தஞ்சாவூர் வந்து படம் போட உட்கார்ந்தேன். சர்வேத் துறையின் பழைய புலப்படத்தில் மேற்குக் கல்லுக்கும் தெற்கே மதகு ஓரத்துக் கல்லுக்கும் உள்ள தூரம் எழுதியிருக்கும். நாங்கள் அளந்த தூரம் அதைவிட எழுபது அடி அதிகமாக வந்தது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். அளக்கும்போது சங்கிலி எண்ணிக்கை பிசகியிருக்கும் என்று தோன்றியது. அப்படி நடக்கும். சென்னைக்கு ஒரு வாரத்தில் படம் போக வேண்டும். என் வேலை நிரந்தரமாகும் ஃபைலும் அந்தச் சென்னை அலுவலகத்தில்தான் இருந்தது. கணக்கில் அந்த எழுபது அடியை அங்கங்கே பகிர்ந்து, கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரி செய்துவிட்டேன். பார்க்க அழகான படம். துணியில் மையும் போட்டாகிவிட்டது.

ராஜமாணிக்கம் சார் படத்தைப் பார்க்கவில்லை. அளவுப் புத்தகத்தைக் கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்; படத்துக்கு முன்னால் புத்தகம். விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இங்க எழுபது அடி இடிக்குது. படத்துல இடிக்கலை. எங்க போச்சு?"

"சங்கிலி பிசகுன்னு நெனச்சு சரி பண்ணிட்டேன் சார்."

"சரி. பிசகுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"வேற என்ன சார் இருக்க முடியும்? கல்லு அங்கேயேதான் இருக்கு."

"அப்புறம்?"

நான் புத்தகத்தைத் திருப்பி மறுபடி கூட்டிப் பார்த்தேன். பிறகு, "கல்லு நகர்ந்திருந்தா?" என்றார்.

நான் சிரித்தேவிட்டேன். "சார், எல்லைக் கல்லை நகர்த்துறவங்க பக்கத்து நிலத்துக்குள்ள தள்ளுவாங்க. இது பண்ணையார் நிலத்துக்குள்ளேயே போயிருக்கு. தன் நிலத்தைச் சர்க்காருக்கு விட்டுக்குடுக்க யாராவது கல்லைப் பிடுங்குவாங்களா?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன். போய்ப் பார்த்துட்டு வருவோமா?"

பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்தேன். அந்தக் கேள்வி ஒரு ருசியாக என்னைப் பிடித்துக்கொண்டது. பயம்கூடக் குறைந்துவிட்டது.

மறுபடி அளந்தோம். அதே எழுபது அடி. புலப்படக் கணக்குப்படி கல் இருக்க வேண்டிய இடம் குடிசைகளுக்குத் தெற்கே வந்தது. அங்கே கல் இல்லை. மண்ணைக் கீறிப் பார்த்தபோது, சுற்றிலும் இறுகிய களிமண். நடுவில் ஒரு சாண் சதுரத்துக்கு மட்டும் பொலபொலவென்று வேறு மண். நாங்கள் குனிந்து பார்ப்பதைப் பார்த்து அஞ்சலை வந்தார்.

"கல்லத் தேடுறீகளா? இங்கதான் இருந்துச்சு. நாங்க அருவா தீட்டுற கல்லு. போன வெள்ளத்துக்கு அப்புறம் காணும். ஆத்தோட போயிருச்சுன்னு நெனச்சோம்."

"அருவா எங்க தீட்டுவீங்க? கல்லோட தலையிலயா?" என்று சார் கேட்டார்.

"தலையில வழுக்கும். பக்கவாட்டுல, இப்புடி" என்று குந்தி உட்கார்ந்து காட்டினார். கை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

எல்லாரும் வடக்கே இருந்த மேற்குக் கல்லுக்கு நடந்தோம். வெளியே தெரிந்த பகுதியில் ஒரு கீறலும் இல்லை. சார் மண்டியிட்டு, கல்லை ஒட்டியிருந்த மண்ணை விரலாலேயே தள்ளினார். நாலு விரற்கடை ஆழத்தில், கல்லின் பக்கவாட்டில் வழவழவென்று ஒரு பள்ளம். பல வருஷம் இரும்பு உரசித் தேய்ந்த பள்ளம். மண்ணுக்குள்ளே போய் யாரும் அரிவாள் தீட்ட முடியாது. கல்லை இங்கே கொண்டுவந்தவர்கள் முன்பைவிட ஆழமாக நட்டிருந்தார்கள்.

அஞ்சலை அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "எங்க கல்லுதான்" என்றார்.

கோவிந்தசாமி கடப்பாரையை எடுத்தார். சார் தடுத்தார். "தோண்டாதீங்க. மண்ணை மூடுங்க. நாம பிடுங்கினா, நாமளே நட்டோம்னு சொல்லிடுவாங்க. தாசில்தார் வந்து பார்க்கட்டும்."

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை தனியார் நிலத்தில் இருந்தால், அது குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்த புதிது. கல் பழைய இடத்தில் இருந்தால் பதினேழு குடும்பமும் பண்ணையார் நிலத்தில் இருப்பவர்கள். மனைக்குச் சொந்தக்காரர்கள் ஆவார்கள். எழுபது அடி வடக்கே நகர்ந்தால் சர்க்கார் நிலத்தை ஆக்கிரமித்தவர்கள். சுற்றுலா மாளிகைக்காகக் காலிசெய்துவிடலாம். பண்ணையாருக்கு ஒரு மூலை நிலம் போனாலும், கொடி பிடித்த தெரு அவர் வாசலை விட்டுப் போய்விடும். கல்லை நகர்த்தியது யார் என்று நான் பார்க்கவில்லை, அதனால் எழுத மாட்டேன். என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் அன்று புரிந்தது. அதை என் அழகான படம் செய்து முடித்திருக்கும் என்பதும் புரிந்தது.

சார் யார் மேலும் குற்றம் எழுதவில்லை. "கல் இருக்கும் இடமும் புலப்பட அளவும் எழுபது அடி வேறுபடுகின்றன, வருவாய்த் துறை மறு அளவை தேவை" என்று ஒரே பத்தி. நான் பிளேடால் துணியிலிருந்த மையைச் சுரண்டி எடுத்து, புலப்படத்து எல்லை, இப்போது கல் காட்டும் எல்லை என இரண்டு கோடுகளையும் போட்டேன்.

விஷயம் எப்படியோ தெரிந்து பண்ணையார் அலுவலகத்துக்கே வந்தார். சார் எழுந்து நாற்காலி காட்டினார்.

"வாங்க, நானே சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். உங்க நிலத்துல ஒரு மூலை தப்பா சர்க்கார் பக்கம் போயிருக்குங்க. மறுபடி அளக்கணும்னு எழுதிட்டேன், உங்களுக்கே திரும்பிடும்."

பண்ணையார் துண்டை மடியில் வைத்தார். "பரவால்லீங்க. ஊருக்குத்தானே. எனக்கு வேண்டாம்."

"பெரிய மனசு. வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. அந்த மூலை உங்களுதுதான், விட்டுக்குடுக்கிறீங்கன்னு."

சார் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அது தன் நிலம் என்று எழுதினால் வீடுகள் தன் நிலத்தில் இருப்பதாக ஆகும். தன்னுடையது இல்லை என்று எழுதினால் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பண்ணையார் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"நீங்க தஞ்சாவூர்ல உக்காந்திருக்கீங்க" என்றார் மெல்ல. "அறுப்பு சமயத்துல வாசல்ல நூறு பேர் வந்து நின்னா எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு வருஷமா கோயிலுக்குக்கூடப் போகலை."

அந்தப் பயம் பொய் இல்லை. குரலிலேயே தெரிந்தது. சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் தாளை அவர் பக்கம் நகர்த்தியது நகர்த்தியபடியே இருந்தது. பண்ணையார் எழுதாமலே எழுந்து போனார்.

தாசில்தார் சாட்சிகளோடு வந்து கல்லைத் தோண்டியபோது, பள்ளம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கல் பழைய குழிக்குப் போயிற்று. ஏழெட்டு மாதம் கழித்து பதினேழு குடும்பங்களுக்கும் மனைப் பட்டா கிடைத்தது. மாளிகைக்கு மேட்டின் மற்ற பகுதி மட்டும் என்று முடிவானது. நாற்பது அறை இருபதாகச் சுருங்கியது. நீச்சல் குளம் போய், கரையோரம் பெண்களுக்கு உடை மாற்றும் அறைகள் வந்தன. படகுத்துறையை மட்டும் சென்னை விடவில்லை. படகு வந்தது, மாசியிலிருந்து ஆனி வரை மணலில் குப்புறக் கிடந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ளலாம். பட்டா வாங்கிய அஞ்சலை என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். கையெழுத்துக்குப் பதில் வைத்த கைநாட்டு மை விரலில் இன்னும் இருந்தது.

"வீட்டக் குடுத்துட்டீக. களத்த எடுத்துக்கிட்டீக. நெல்ல எங்கம்மா அடிக்கிறது?"

மேட்டில் மிச்சமிருந்தது உண்மையிலேயே சர்க்கார் நிலம். படப்படி, அளவுப்படி, எல்லாம் சரி. அந்தத் தெருக்காரர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும் அங்கேதான் நெல் அடித்தார்கள். இனி பண்ணையார் களத்தில் போய்க் கேட்டு நிற்க வேண்டும்.

கடைசி வரைபடம் என் மேசையில் இருந்தபோது, சாருக்கு ராமநாதபுரம் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. காரணம் எழுதியிருக்கவில்லை. புறப்படும் முன் கையெழுத்துப் போட உட்கார்ந்தவர், படத்தின் முன்பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன, கட்டடத்தைவிடப் பெரிசா ஒரு திடல்?"

"மாட்டு வண்டியும் பஸ்ஸும் நிக்க சார். கணக்கெடுப்புல நிறைய பேர் கேட்டிருக்காங்க."

"சரி. தளம் போடலையா?"

"களிமண்ணை அடிச்சுக் கெட்டியாக்கினாப் போதும் சார்."

"எந்த மாசம் கூட்டம் அதிகம்?"

"ஆடி, ஐப்பசி சார்."

"தை, மாசியில?"

"அவ்வளவா வராது சார்."

தை, மாசி சம்பா அறுவடைக் காலம். அது அவருக்கும் தெரியும். மூன்றாவது "அப்புறம்?" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பேனாவை உதறிக் கையெழுத்துப் போட்டார். வெயில் ஏறிவிட்டது என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மாளிகை திறந்த அடுத்த மாசியில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி தணிக்கைக்கு வந்தார். படத்தோடு நானும் ஜீப்பில் போனேன். வாசல் திடல் முழுக்க வைக்கோலும் நெல்லும். ஆண்கள் கட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் முறத்தில் தூற்றிக்கொண்டிருந்தார்கள். தூசி மாளிகையின் ஜன்னல்வரை பறந்தது. அறை எடுத்துத் தங்கியிருந்த இரண்டு குடும்பங்கள் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தன.

"இது என்ன இடம்? படத்தைக் காட்டுங்க" என்றார் அதிகாரி.

விரித்துக் காட்டினேன். "திறந்த வெளித் திடல்" என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் அதைப் படித்தார், நெல்லைப் பார்த்தார், மறுபடி படித்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். முறத்தோடு நின்ற அஞ்சலை திரும்பி, என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல், அதிகாரியிடம் சொன்னார்:

"இன்னும் ரெண்டு நாள்ல முடிஞ்சிருங்க. ஜீப்ப ரோட்டுலயே விட்டுட்டு ஓரமா நடந்து வாங்க. நெல்ல மட்டும் மிதிச்சிராதீங்க."

அதிகாரி குனிந்து பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, நெல்லுக்கு அணைப்பாகப் போட்டிருந்த வைக்கோல் ஓரமாக ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து நடந்தார். படத்தைச் சுருட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே நடந்தேன்.